பூட்டு போட்டவள்

வாக்குக் கொடுத்தால் சிவசங்கர் மாற மாட்டான். இதைக் கேட்டதும் அவனை ஆகா ஓகோ என்று நினைத்துவிட வேண்டாம். நெஞ்சுறுதியால் மாறாதவர்கள் இருக்கிறார்கள். மாறினால் என்ன ஆகுமோ என்ற பயத்தால் மாறாதவர்களும் இருக்கிறார்கள். தான் இதில் எந்தக் கட்சி என்று அவனுக்கே தெரியாமல் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பென்னலூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

அவன் பெண்டாட்டி வினோதினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தலைப்பிரசவம். விடியும்போது இடுப்பை லேசாகப் பிடித்த வலி, பிள்ளைப்பாக்கத்திலிருந்து கார் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆளைக் குனிய வைத்துவிட்டது. இப்போது ஒரு வலி போனால் அடுத்த வலி வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிறது.

"மாமா, அந்த முதுகு ஊசிய போடச் சொல்லு."

"கொஞ்சம் பொறுத்துக்கோ வினோ. ஆயிடும்."

"இன்னா ஆயிடும்? உனக்கா வலிக்குது? போடச் சொல்லுன்னா சொல்லு."

"நீதான வேணான்னு..." என்று அவன் ஆரம்பித்தான். முடிப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவன் அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டான். டாக்டரைத் தேடி மட்டும் போகவில்லை.

அந்த ஊசி என்னவென்று சொல்லிவிடுகிறேன். நடு முதுகுக்குக் கீழே, எலும்புக்கு நடுவில், நூல் போல ஒரு குழாயைச் செருகிவிடுவார்கள். அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து போகும். நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், பிள்ளையும் தன்பாட்டுக்கு வரும். வலி மட்டும் அடங்கிவிடும். எபிடியூரல் என்று பெயர். 'வலியில்லாப் பிரசவம்' என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் வினோதினிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஜோதி ஞாபகம்தான் வரும்.

வினோதினி ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிற வேலை. ஷிப்ட் முழுக்க உட்கார நாற்காலி கிடையாது. அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றவள்தான் ஜோதி. ஜோதிக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். லீவு முடிந்து வந்தவள், பாதி ஷிப்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய ஆரம்பித்தாள். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டாள். கைப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி, தூக்கமும் இல்லாமல், வந்த உடனே லைனில் நின்றால் யார் முதுகுதான் தாங்கும்? அதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. பழி மொத்தமும் ஊசி மேல் விழுந்தது. முதுகு போனால் வேலை போச்சு என்று வினோதினி அன்றைக்கே மனசில் எழுதி வைத்துவிட்டாள்.

செக்கப்புக்கு வந்தபோது டாக்டர் அமலா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "ஊசி போட்ட எடம் ரெண்டு நாள் நோகும், அவ்வளவுதாம்மா. வருஷக்கணக்குல முதுகுவலி அதனால வர்றதில்ல."

"எனக்கு வேணாம் டாக்டர். என்னால முடியும்."

"முடிஞ்சா சந்தோஷம். முடியலன்னா கேளுங்க. நல்லா வலி எடுத்த பிறகு எப்ப கேட்டாலும் போடலாம். சீக்கிரம் கேட்டுட்டோமோன்னு வெக்கப்பட வேணாம். ஆனா தல எறங்கி, முக்குற நேரத்துல கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மருந்து வேலை செய்யவே அரமணி ஆகும்."

வினோதினி தலையை ஆட்டினாள். கம்பெனியில் சேஃப்டி டிரெய்னிங் வகுப்பில் ஆட்டுவாளே, அதே ஆட்டல்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வளைகாப்பு முடிந்த அடுத்த வாரம் குன்றத்தூர் மலைக்குப் போனார்கள். முருகனைப் பார்த்துவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"வலி வந்தா நான் கத்துவேன் மாமா. ஊசி போடு, ஊசி போடுன்னு உன் உயிர எடுப்பேன். நீ காதுல வாங்கக்கூடாது."

"சரி."

"சும்மா சரின்னா ஆச்சா? சத்தியம் பண்ணு."

அவன் சிரித்துக்கொண்டே அவள் தலையில் வைக்கக் கையைத் தூக்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "என் மேல இல்ல. இது மேல பண்ணு."

வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம். விளையாட்டுக்குக்கூட யாரும் பண்ணாத சத்தியம். அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "இன்னா வினோ, இதுக்குப் போயா..." என்றான். அவள் விடவில்லை.

"உங்க கம்பெனியில பூட்டு போட்டா, போட்டவந்தான் தொறக்கணும், முதலாளியே வந்தாலும் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிகினே இருப்பியே. அந்த மாதிரி வெச்சுக்கோ. நடுவுல எவன் சொன்னாலும் தொறக்காத. நானே சொன்னாலும்."

அந்தப் பூட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிவசங்கர் கார் தகடு அடிக்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறான். ராட்சத பிரஸ். ரிப்பேர் என்று அதற்குள் கை விடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். பூட்டில் பெயரும் போட்டோவும் இருக்கும். சாவி பூட்டினவன் பையில். வேலை முடிந்து கையை வெளியே எடுத்தவன் தானே வந்து திறந்தால்தான் உண்டு. உள்ளே கை இருக்கும்போது வெளியே எவனாவது சுவிட்சைத் தட்டினால் கை நமதில்லை. இந்தச் சட்டத்தை சிவசங்கர் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விளக்குவான். சாம்பார் ஆறிப்போய் எழுந்து போனவர்கள் உண்டு.

அவன் கைக்குக் கீழே பிள்ளை அந்த நேரம் பார்த்து ஓர் உதை விட்டது. அவன் "சத்தியம்" என்றான்.

இப்போது புரிகிறதா, ஏன் அவன் டாக்டரிடம் போகவில்லை என்று? ஊசிக்குச் சரி என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை மேல் பண்ணின சத்தியம் உடையும். அந்தப் பிள்ளை இன்னும் வெளியே வரவில்லை, வழியில் இருக்கிறது. ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அமலா வந்தார். கையுறை மாட்டிப் பரிசோதித்தார். "நல்லா போய்ட்டிருக்கு. பாதி வழி வந்தாச்சு" என்றார். பிறகு வினோதினியின் முகத்தைப் பார்த்தார். "எப்படிம்மா இருக்கு? வலிக்கு ஏதாவது வேணுமா?"

வினோதினி வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் அவள் குணம். என்னால் முடியும் என்று இதே டாக்டரிடம் நிமிர்ந்து சொன்னவள், இப்போது எப்படிக் குனிந்து கேட்பாள்? புருஷனிடம் கெஞ்சுவாள், கத்துவாள், டாக்டரிடம் மட்டும் கேட்க மாட்டாள். அவள் புருஷனைப் பார்த்தாள். கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றாள்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் டாக்டர்" என்றான் சிவசங்கர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவங்களும் அதேதான் நெனைக்கிறாங்களா?"

வினோதினி முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றினார். "சரி. ஒண்ணு சொல்லிடறேன். மயக்க டாக்டர் கோதண்டராமன் இப்ப சும்மாதான் இருக்கார். கொஞ்ச நேரத்துல ஒரு சிசேரியனுக்கு தியேட்டர் உள்ள போயிடுவார். போய்ட்டா வெளிய வர நேரமாகும். மனசு மாறினா இப்பவே சொல்லி அனுப்புங்க."

கதவு மூடியதும் வினோதினி அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏன்யா சொல்லல?"

"சத்தியம் வினோ. புள்ள மேல பண்ணிட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? தூ. வெளிய போ. எங்கம்மாவ வரச் சொல்லு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அவனுக்கு வரப்போவதே இல்லாத வலி. கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றவன் வெளியே போனான்.

பிரசவ அறைக்குள் கூட ஒருவர்தான் இருக்கலாம். அதனால் வினோதினியின் அம்மா சின்னப்பொண்ணு காலையிலிருந்து வராண்டா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெந்நீர் பிளாஸ்க், பக்கத்தில் துணிப்பை. மருமகன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னா மாப்ள, இந்தக் கத்து கத்துறா. வலிக்கு ஊசி இன்னாமோ கீதுன்னு நர்ஸு சொன்னாங்க. போட மாட்டாங்களா?"

இவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவன் மலையில் நடந்ததைச் சொல்லிவிட்டான். சின்னப்பொண்ணு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ள மேலயா?"

"அவதான் அத்த கைய புடிச்சு வெச்சா."

"அவ வெச்சா நீங்க பண்ணிடுவீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நான் மூணு பெத்தேன் மாப்ள. இந்த மாதிரி ஒரு ஊசி கீதுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அவுங்க கால்ல வுழுந்து வாங்கியிருப்பேன். இவளுக்கு கையெட்டுற தூரத்துல கீது. ஆனா சத்தியம்னு ஒண்ண பண்ணி வெச்சுட்டீங்களே. அத மீறுங்கன்னு நான் எப்படி சொல்லுவேன்? எனக்கும்தான் பயமா கீது."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்து மூடுகிற அந்த நேரத்துக்குள் வினோதினியின் சத்தம் வராண்டா முழுக்க வந்து போயிற்று.

அப்போது சிவசங்கரின் போன் அடித்தது. கூட வேலை செய்கிற அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரன். சிவசங்கர் எடுக்கவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எடுத்தான்.

"சிவா, இந்த நேரத்துல தொந்தரவு பண்ணுதேன்னு நினைக்காதடே. அந்தப் பெரிய பிரஸ் வேலை முடிஞ்சிட்டு. நான் என் பூட்டைக் கழட்டப் போனா சூப்பர்வைசர் விட மாட்டேங்காரு. நேத்து நீ போகும்போது, நான் வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனியாம்லா. நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆச்சுங்காரு."

சிவசங்கருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"பூட்டு யாருது?"

"என்னோடதுதான்."

"சாவி யார் கையில கீது?"

"எங்கிட்டத்தான்."

"தொறக்கணும்னு சொல்றது யாரு?"

"நான்தாம்டே சொல்லுதேன்."

"பூட்டு போட்டவன் நீ. தொறக்கணும்ன்றவனும் நீ. அப்புறம் நடுவுல என்னிய இன்னாத்துக்குய்யா கேக்குறீங்க? நான் யாரு?"

சொன்னான். சொன்ன வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அந்தோணிராஜ், "சரி சரி, கோவப்படாத, சூப்பர்வைசர்ட்ட அப்படியே சொல்லிடுதேன்" என்று வைத்துவிட்டான். சிவசங்கர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நான் யாரு? நல்ல கேள்விதான். கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். மலையில் பூட்டு போட்டவள் வினோதினி. உடம்பு அவளுடையது, வலி அவளுடையது, பயமும் அவளுடையதுதான். காலையிலிருந்து திறக்கச் சொல்கிறவளும் அவளே. பூட்டினவள் உள்ளே நின்று கதறுகிறாள், இவன் சட்டம் பேசிக்கொண்டு நந்தி மாதிரி குறுக்கே நிற்கிறான். யாருடைய கையைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட சட்டம் அது? வெளியே நிற்கிறவன் கையையா? உள்ளே கை விட்டவன் கையை அல்லவா?

அவன் ஓடினான். வராண்டாவின் கோடியில் டாக்டர் அமலா ஒரு நர்சிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஊசி வேணும். அவளுக்கு வேணுமாம். காலையிலேர்ந்து கேக்குறா டாக்டர். நான்தான் சொல்லல."

டாக்டர் அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கோதண்டராமன் இப்பத்தான் தியேட்டர் உள்ள போனார்" என்றார். "வாங்க, மொதல்ல அவங்களக் கேப்போம்."

அறைக்குள் வினோதினி பக்கவாட்டில் படுத்து, அம்மாவின் கையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. சிவசங்கர் கட்டிலோரம் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"வினோ, நான் பண்ணது தப்பு. அது என் பூட்டு இல்ல. உன்னுது. டாக்டர் வந்துக்கிறாங்க. நீயே சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். ரோஷம் இன்னும் முகத்தில் ஒரு ஓரம் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வலி ஏறுவதற்குள் அதை எப்படியோ விழுங்கினாள்.

"வேணும் டாக்டர். என்னால முடியல."

"முடியலன்னு இல்லம்மா. இவ்வளவு நேரம் முடிஞ்சுதே" என்றார் டாக்டர் அமலா. "வேணும்னு சொன்னா போதும். காரணம் சொல்ல வேணாம்." மறுபடி பரிசோதித்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஆனா ரொம்ப இல்ல. அவர் சீக்கிரம் வந்துட்டா போட்டுடலாம். நடுவுல தல எறங்கிட்டா முடியாது. சொல்லிட்டேன்."

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது. சின்னப்பொண்ணு வெளியே போய்விட்டாள், சிவசங்கர் உள்ளே. ஒவ்வொரு வலிக்கும் வினோதினி, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று கேட்டாள். காலையில் டாக்டர் கோதண்டராமன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார், பக்கத்து அறையில். அதை நினைக்க நினைக்க சிவசங்கருக்குத் தன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதில் வேலோடு முருகன். சிவசங்கர் உதடு அசையாமல் அவரிடம் பேசினான். சத்தியத்தை உடைத்தது நான். தண்டனை எதுவானாலும் என் தலைக்கு வரட்டும். பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே. மொட்டை போட்டுக்கொள்கிறேன், அதோடு விட்டுவிடு.

டாக்டர் கோதண்டராமன் முகக்கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் அமலா கடைசியாக ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, "போடலாம்" என்றார். சிவசங்கர் காலண்டர் முருகனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மா, கேட்டுக்கோங்க" என்றார் கோதண்டராமன், வலி தணிந்திருந்த இடைவெளியில். "பிரஷர் கொஞ்சம் இறங்கலாம், பாத்துப்போம். கால் கனமா இருக்கும், தனியா எழுந்திருக்கக் கூடாது. யாரோ ஒருத்தருக்கு அப்புறம் தலைவலி வரும், அதுக்கும் வைத்தியம் இருக்கு. சரியா? இப்ப உக்காந்து முதுக நல்லா வளைங்க. ஊசி போறப்ப வலி வந்தாலும் அசையக் கூடாது. சார், நீங்க முன்னாடி வந்து தோளப் புடிச்சுக்கோங்க."

வினோதினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, நெற்றியை அவன் தோளில் வைத்தாள். அவள் முதுகில் மருந்தைத் தடவினார்கள். சரியாக அந்த நேரம் வலி ஏறியது. அவள் உடம்பு முழுக்க இறுகியது; ஆனால் அசையவில்லை. அசையாமல் இருப்பதற்காக அவன் தோளைக் கடித்தாள். நல்ல கடி. சட்டையையும் தாண்டி இறங்கியது. அவன் மூச்சு விடவில்லை. இன்னும் பலமாகக் கடித்தாலும் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

வலி உடனே போய்விடவில்லை. அடுத்தது கொஞ்சம் குறைந்து வந்தது, அதற்கடுத்தது இன்னும் குறைந்து வந்தது. பக்கத்தில் இருந்த மிஷினிலிருந்து காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. வலி வரும்போதெல்லாம் அதில் கோடு மேலே ஏறும். வினோதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இப்ப ஏறுது பாரு."

"வலிக்குதா?"

"இல்ல. வயிறு இறுக்குது, அவ்ளோதான்." அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அந்த முகத்தில் அவன் பார்க்காத ஒன்று. "எங்கம்மா சாப்ட்டாங்களா? நீ சாப்ட்டியா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிப்போனாள். சின்னப்பொண்ணு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நர்சிடம் கெஞ்சி உள்ளே வந்தாள். பிள்ளை பெறுகிற கட்டிலில் மகள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்குவதைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். எதற்கு அழுதாள் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம், கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் திரும்பும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. முக்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எப்போது முக்க வேண்டும் என்று டாக்டர் அமலா வயிற்றில் கை வைத்துச் சொல்லச் சொல்ல, வினோதினி வேலையில் நிற்கிறவள் மாதிரி சிரத்தையாகச் செய்தாள். பெண் குழந்தை. பிறந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது.

துடைத்துச் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். சிவசங்கர் கொஞ்சவில்லை. துணியை மெல்ல விலக்கி விரல்களைப் பார்த்தான், கால்களைப் பார்த்தான், காதைப் பார்த்தான், மறுபடி விரல்களைப் பார்த்தான். கெட்டுப்போன மிஷினில் பழுது தேடுகிறவன் மாதிரி தேடினான். வினோதினி படுத்தபடியே அதைக் கவனித்தாள்.

"இன்னா தேடுற?"

அவன் பிள்ளையை அவள் பக்கத்தில் படுக்க வைத்தான். "சத்தியத்த ஒடச்சுட்டேன் வினோ. இவ மேல பண்ணத. அதான் எங்கயாவது ஏதாவது... மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன்."

அவள் சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. களைத்துப்போன கண்களால் அவனையே பார்த்தாள்.

"நீ எங்க மாமா ஒடச்ச? காலையிலேர்ந்து காப்பாத்திகினு இருந்த. அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது."

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. "நீ கேட்டதால..." என்று இழுத்தான்.

"கேட்டேன். வலின்னா இன்னான்னே தெரியாத ஒருத்தி மலை மேல குந்திகினு கேட்டா. இங்க உன் சட்டையப் புடிச்சுகினு ஒருத்தி அழுதா. ரெண்டும் நான்தான். நீ யார் பேச்சக் கேட்டிருக்கணும்?"

நியாயமான கேள்வி. அவளையும் கொஞ்சம் சேர்த்துத்தான் அது குத்தியது. அது அவளுக்கும் தெரியும். டாக்டர் கேட்டபோது தானே வாய் திறந்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டாள். பிள்ளையின் நெற்றியில் விரலை வைத்துத் தடவினாள். சிவசங்கர் அழுதுகொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையை அவள் கைக்கு மேலே நீட்டினான்.

"இனிமே சத்தியமா..."

அவள் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேணாம் மாமா. நான் கேட்டா காதுல வாங்கு. அது போதும்."

அவன் தலையை ஆட்டினான். பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. வெளியே சின்னப்பொண்ணு யாருக்கோ போனில், பொண்ணு பொறந்துக்கீது, ரெண்டு பேரும் நல்லா கீறாங்க என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் வினோதினி, "தொண்ட காயுது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்து பிளாஸ்க்கை எடுத்துவிட்டான்.